கடைசியாகத் தொட்ட கை

பிப்ரவரி 3

தங்கைக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். ஒரு தாள் வீணானதுதான் மிச்சம்.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மூடி வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும். என்றைக்காவது படித்துத்தான் ஆகவேண்டும்.

உன் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஒன்பது நாள் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆழத்திலிருந்து நிற்காமல் மேலே வந்ததால் ரத்தத்தில் காற்று கொப்புளித்துத் தண்டுவடத்தைக் கெடுத்துவிட்டது, ஆறு மாதம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன். மடியில் பலகையை வைத்துக்கொண்டு இன்னும் அந்தப் பாழாய்ப்போன விமானத்தைத்தான் வரைகிறார். எண்பது வருடத்துக்கு முன்னால் யாரோ போட்ட சண்டையில் விழுந்து, முப்பத்து நான்கு மீட்டர் ஆழத்தில் மல்லாந்து கிடக்கிற இரும்பு. அதைப் பன்னிரண்டு முறை முங்கிப் பார்த்து அங்குலம் அங்குலமாக வரையவேண்டும் என்று இவருக்கு என்ன தலையெழுத்தோ. கட்டட அலுவலகத்தில் வீட்டுப் படம் வரைகிறவர், வீட்டை மட்டும் வரைந்திருக்கலாம்.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். அன்று அவர் தனியாக மேலே வந்தார். வாயில் நுரை. நானும் படகுக்காரரும் சேர்ந்து இழுத்துப் போட்டோம். நீ எங்கே என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடிகாரத்தையும் பார்த்தேன். ஒன்பது நிமிடம் கழித்து நிதானமாக வந்தாய். உன்னை நம்பித்தானே அவரை அனுப்பினேன்? முங்க அழைத்துப் போகிறவள் நீ, உரிமம் உன் பெயரில் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போன ஆளை விட்டுவிட்டு அங்கே ஒன்பது நிமிடம் என்ன வேலை?

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் துறைமுக விசாரணை அதிகாரி கட்டிலருகே நின்று கேள்வி கேட்டபோது நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். அவர் போர்வைமேல் கையை முஷ்டியாக மூடிக் காட்டினார். நீ உடனே வாயை மூடிக்கொண்டாய். தண்ணீருக்குள் நீங்கள் இரண்டு பேரும் கையால் பேசிக்கொள்வது போதாதா, கட்டிலிலுமா? அதற்கு என்ன அர்த்தம்?

மார்ச் பத்தாம் தேதி விசாரணை. என் வாக்குமூலம்தான் பாக்கி. நான் சொல்வதைப் பொறுத்து உன் உரிமம் போவதோடு நிற்குமா, போலீஸ் வரைக்கும் போகுமா என்று தெரியும் என்றார் அதிகாரி. யோசித்துப் பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 8

அக்கா,

கடிதம் வந்தது. பாதியில் மூடி வைக்கவில்லை.

நான் இங்கே ஒரு சலவைக் கடை மாடியில் அறை எடுத்திருக்கிறேன். விசாரணை முடியும்வரை முங்கக் கூடாது என்பதால், கடற்கரையில் ஒரு முங்குக் கடையில் மற்றவர்கள் கழற்றிப் போடுகிற ரப்பர் உடைகளை அலசித் தொங்கவிடும் வேலை. அறைக்குக் கீழேயும் சலவை, வேலையிலும் சலவை. கை ஊறிப்போய்க் கிடக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். இருபத்திரண்டாவது நிமிடம். அத்தான் விமானி அறைக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று வெளியே வந்து கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினார். காற்று இல்லை என்று அர்த்தம். நான் அவருடைய அளவுமானியைப் பார்த்தேன். முள் நூற்று நாற்பதில் நின்றது. பாதிக்கு மேல் காற்று இருக்கிறது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். என்னைப் பாருங்கள், மெதுவாக மூச்சு விடுங்கள் என்று காட்டினேன். அதில் அரை நிமிடம் போனது. என் உபரிக் குழாயை நீட்டினேன். அவர் அதைத் தட்டிவிட்டு மேலே பாய்ந்தார். காலைப் பிடித்தேன், துடுப்புக் காலணிதான் கையில் வந்தது.

பின்னாலேயே நானும் பாய்ந்திருந்தால் இப்போது உன் கூடத்தில் இரண்டு கட்டில் இருக்கும். வழியில் நின்று நின்றுதான் வரவேண்டும். அதுதான் அந்த ஒன்பது நிமிடம். நிதானமாக வந்தேன் என்று எழுதியிருக்கிறாய். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

முஷ்டிக்கு அர்த்தம் ஒன்றுமில்லை. வலியில் கையைப் பொத்தியிருப்பார்.

அவருக்குக் குதிகாலில் புண் வராமல் பார்த்துக்கொள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

தங்கை


பிப்ரவரி 12

தங்கைக்கு,

எனக்குப் புரட்டிவிடச் சொல்லித் தருகிறாயா? மருந்துக் கடையில் பதினாறு வருடம் நிற்கிறவள் நான். ஒரு சீட்டைக்கூட இரண்டு முறை பார்க்காமல் எடுத்துக் கொடுத்ததில்லை.

உன் பதிலையும் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை படித்தபோது அழுகை வந்தது. இரண்டாம் முறை ஓட்டை தெரிந்தது.

சிலிண்டருக்குக் காற்று அடிக்கிறவர் நேற்று இவரைப் பார்க்க வந்தார். போகும்போது வாசலில் வைத்து, முஷ்டியைக் காட்டினால் உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டேன். "நில்லு, அப்படியே இருன்னு அர்த்தம்மா," என்றார். வலியில் பொத்தினாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? சின்ன வயதில் பொய் சொன்னால் உன் காது சிவக்கும். கடிதத்தில் காது தெரியாது என்கிற தைரியம்.

ஆக, நீ ஏதோ சொல்லப் போனாய், அவர் தடுத்தார். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. எப்போதும் அப்படித்தானே? முங்குவது நீங்கள், படகில் துண்டோடு காத்திருப்பது நான். மேலே வந்து ஒரு மணி நேரம் அந்த விமானத்தைப் பற்றியே பேசுவீர்கள். இரண்டு எஞ்சினிலும் விசிறி வளையாமல் நேராக இருக்கிறது, அப்படியென்றால் விழும்போதே எஞ்சின் நின்றிருக்கிறது, உடம்பில் ஒரு குண்டுத் துளையும் இல்லை, பிறகு ஏன் நின்றது? எனக்கு மனப்பாடம். ஆனால் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அப்புறம், நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. நீ படகில் ஏறியதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உயிர் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. நேராகப் போய் அவர் முதுகிலிருந்து நாங்கள் கழற்றிப் போட்ட சிலிண்டரில் கை வைத்தாய். அதன் திருகைத் திருப்பினாய். ஒரு முறை இல்லை, பல சுற்று. நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

அதிகாரிகள் சோதித்தபோது சிலிண்டரில் காற்று இருந்தது, திருகு முழுவதும் திறந்திருந்தது, குழாயில் பழுதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, மனிதர் மட்டும் படுத்துக் கிடக்கிறார். மடியில் கனமில்லாதவள் அந்தத் திருகை ஏன் தொட்டாள்?

இவரும் சரியில்லை. படம் முழுவதும் வரைந்துவிட்டார். விமானி அறையில் இடது பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருக்கிறார். என்ன அது என்றால், "சரியா பாக்கல," என்று பேச்சை மாற்றுகிறார். பன்னிரண்டு முறை போனவர் சரியாகப் பார்க்கவில்லையாம்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

முஷ்டி விஷயத்தில் பொய் சொன்னேன். மன்னித்துவிடு. அவர் என்னை நிற்கச் சொன்னார், நான் நின்றேன். அதற்கு மேல் கேட்காதே.

உன்னிடம் இதுவரை நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. புத்தகப் பைக்கும் செருப்புக்கும் அழுததை விட்டுவிடு. இப்போது கேட்கிறேன். நான் ஒன்பது நிமிடம் தாமதமாக வந்தேன் என்று சொல். அவர் காற்று கேட்டபோது நம்பாமல் அரை நிமிடம் வீணாக்கினேன் என்று சொல். காலையில் சண்டை போட்டுக்கொண்டுதான் கிளம்பினோம், நான் பதற்றமாக இருந்தேன் என்றும் சொல். எல்லாம் உண்மை. என் உரிமம் போகும், போகட்டும். ரப்பர் உடை அலசப் பழகிவிட்டேன்.

சிலிண்டரைப் பற்றி மட்டும் சொல்லாதே. நான் திருகைத் தொட்டதை நீ பார்க்கவில்லை என்றே இருக்கட்டும்.

இதைப் படித்ததும் உன் புருவம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். என்ன செய்ய.

தங்கை


பிப்ரவரி 23

தங்கைக்கு,

புருவம் போனது. காலும் போனது. நேராகக் காற்று அடிக்கிறவரின் கொட்டகைக்கு.

முள் நன்றாக நிற்கிறது, ஆனால் மூச்சு வரவில்லை என்றால் என்ன காரணம் என்று கேட்டேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். திருகை அடைத்துவிட்டுக் கொஞ்சமே கொஞ்சம் திறந்து வைத்தால் அப்படித்தான் ஆகுமாம். படகில் ஒன்றும் தெரியாதாம். "மேலே சாதாரணமா மூச்சு வரும்மா. ஆழத்துக்குப் போகப் போக ஒரு மூச்சுக்கு நாலு மூச்சுக் காத்து வேணும். அங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். சிலிண்டர்ல காத்து குறையக் குறைய இன்னும் இறுகும்," என்றார். மூச்சு இழுக்கும்போது முள் சாயும், விட்டதும் மறுபடி ஏறி நிற்குமாம். நீ பார்த்தது விட்ட நேரமாக இருக்கும் என்றார்.

ஆக, திருகு அடைந்திருந்தது. மேலே வந்ததும் நீ ஓடிப்போய்த் திறந்தாய், தடயம் போய்விட்டது. இதைத்தான் நான் சொல்லக் கூடாதா?

கேள், இன்னும் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமான வருடம் ஒருநாள் அவர் திருகைத் திறக்க மறந்தே தண்ணீருக்குப் போகப் பார்த்தார், நான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து முங்குவதற்கு முன் அவர் திருகைக் கடைசியாகத் தொடுவது நான்தான். "உன் பக்கம் இழுத்தா திறக்கும். நின்ன பிறகு கால் சுத்து திருப்பி விடு," என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஏழு வருடப் பழக்கம். எப்போதும் நீ சோதித்து வைத்திருப்பாய், என் கைக்கு அது அசையாது. அன்று அசைந்தது. மூன்று சுற்று வந்தது. நீ அதைத் திறக்கவே இல்லை. நான்தான் திறந்தேன்.

அப்போதே ஏன் கேட்கவில்லை என்பாய். காலையில் நீ என்ன சொன்னாய்? கேட்காமல் ஏன் சின்னப் படகை வாடகைக்கு எடுத்தாய் என்று நான் கேட்டதற்கு, "நீ எங்களை நம்பாம ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை தொட்டுப் பாக்குறேக்கா, அதான் உன் வியாதி," என்றாய். அவர் சிரித்தார். சரி, வியாதி பிடித்தவளின் கைதான் இன்று காப்பாற்றியது, நேரம் வரும்போது சொல்லிக் காட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பார். படகை விட்டு இறங்கும்போது திருகு திறந்திருந்தது. அதற்கு என் கையே சாட்சி. கீழே ஆழத்தில் அடைந்திருந்தது. அங்கே இருந்தது நீங்கள் இரண்டு பேர். அவரால் தன் முதுகை எட்ட முடியாது. அடைத்தது யார்?

ஏன் என்றுதான் தெரியவில்லை. அவர் விமானி அறையில் என்னத்தைப் பார்த்தார்? நீ பார்க்கவிடக் கூடாதது என்ன அங்கே இருந்தது? பத்தாம் தேதி இதை அப்படியே சொல்லப்போகிறேன். நீ என் கூடப் பிறந்தவள் என்பதையும் சொல்வேன்.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

ஆமாம். கீழே நான்தான் அடைத்தேன். காலைச் சண்டையில் கோபம். விளையாட்டாகச் செய்தது வினையாகிவிட்டது. மேலே வந்து திறந்து வைத்தேன்.

அதிகாரிக்கு இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். நீ வரவேண்டாம், எதையும் சொல்லவேண்டாம். அத்தானிடமும் கேட்காதே, அவர் உடம்புக்கு ஆகாது. காற்று அடிக்கிறவரிடம் இனி போகாதே. நான் ஒப்புக்கொண்ட பிறகு அங்கே உனக்கு வேலையில்லை.

தங்கை


மார்ச் 4

வாலு,

அதிகாரிக்கு எதுவும் அனுப்பியிருந்தால் அது பொய் என்று தந்தி அடிக்கிற வேகத்தில் இன்னொன்று அனுப்பு. இல்லையென்றால் நானே போய்க் கிழித்துப் போடுவேன்.

நீ போகாதே என்றாய், அதனால் போனேன். என்னைப் பற்றி உனக்கு இவ்வளவு காலமாகத் தெரிந்தும் அப்படி எழுதலாமா?

விளையாட்டுக்கு அடைத்தாள் என்று சொன்னதும் காற்று அடிக்கிறவர் நம்பவில்லை. தண்ணீருக்குள் விளையாடுகிற பெண் இல்லை அது என்றார். பிறகு, விசாரணையில் எப்படித் திறந்தீர்கள் என்று செய்து காட்டச் சொல்வார்கள், ஒருமுறை என்னிடம் காட்டுங்கள் என்றார். சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார். நான் பின்னால் நின்று என் பக்கம் இழுத்தேன். திறந்தது. கால் சுற்று விட்டேன். "சரியாத்தான் செய்யறீங்க," என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை உன்னிடம் மறைக்க முடியவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. "அன்னிக்குச் சின்னப் படகும்மா. பெரிய படகுல பின்பக்கத் தட்டுல நின்னு குதிப்பாரு, நீங்க பின்னால நிக்கலாம். சின்னப் படகுல விளிம்புல உக்காந்து முதுகுப் பக்கமா விழணும். நீங்க எங்கே நின்னீங்க? அவருக்குப் பின்னாடி கடல்தானே?"

எனக்கு உடனே புரியவில்லை. பின்னால்தான் நின்றேன் என்று இன்னொரு முறை சொன்னேன். அவர் சிலிண்டரை முக்கிவைக்கிற தொட்டியின் விளிம்பில் தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பின்னால் போக வழியில்லை. நான் அவர் முன்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. தோளுக்கு மேலே எட்டித் திருகைப் பிடித்தேன். என் கை அதுவாக என் பக்கம் இழுத்தது. ஏழு வருடமாக இழுத்த கை. சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. கால் சுற்று திருப்பி விட்டேன்.

அவர் குழாயை வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்தார். "இங்கே வருது," என்றார். "முப்பது மீட்டர்ல வராது."

முன்னால் நிற்கிறவளுக்கு 'உன் பக்கம்' என்பது அடைக்கிற பக்கம், வாலு. நீ திறந்து வைத்ததைத்தான் நான் அடைத்தேன். கால் சுற்று மட்டும் விட்டு அவரைக் கடலில் தள்ளினேன்.

அந்தக் கொட்டகையில் ஒரு மர ஸ்டூல் உண்டு. அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மூன்று சுற்று வருகிறதே, தங்கை இப்படி விடமாட்டாளே என்று அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ அந்த இடத்திலேயே பிடித்திருப்பாய். கேட்கவில்லை. சொல்லிக் காட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்தேன். அந்தப் பேராசைக்கு அவர் கால் போனது.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். உடம்புக்கு ஆகாது என்று எழுதியிருந்தாய், எனக்கும்தான் ஆகவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார். "மேலே வந்து படகுல கிடக்கும்போதே தெரிஞ்சுடுச்சு," என்றார். "கடைசியா தொட்டது நீதானே." நீங்கள் ஒருமுறை சரிபார்த்திருக்கக் கூடாதா என்று அவரிடமே சண்டைக்குப் போனேன், அப்பேர்ப்பட்டவள் நான். அதற்கு அவர் சொன்னது: "நீ தொட்ட பிறகு நான் எப்பவும் தொட்டதில்ல."

படத்தில் விட்டிருக்கிற வெள்ளை இடத்தையும் கேட்டேன். விமானி அறையில் இடது பக்கம் எஞ்சினுக்கு எண்ணெய் போகிற குழாயின் திருகு இருக்கிறதாம். அன்று பாசியைத் துடைத்துப் பார்த்திருக்கிறார். அடைப்புப் பக்கம் திரும்பியிருந்ததாம். யாரும் சுட்டு விழவில்லை, உள்ளே இருந்த யாரோ கை தவறித் திருப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்த கையோடுதான் மூச்சு நின்றது. அதை ஏன் வரையவில்லை என்றேன். "வரைஞ்சா அடுத்த கேள்வி, யாரு அடைச்சதுன்னுதான். நாலு பேர் அதுல செத்திருக்காங்க. ஒருத்தன் தலையில கட்டணுமா?" என்றார்.

என்னைப் பற்றிச் சொல்கிறாரா, அவர்களைப் பற்றியா என்று கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 7

அக்கா,

அனுப்பவில்லை. கவரில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

சின்ன வயதில் கூப்பிட்டதுபோல் வாலு என்று கூப்பிட்டிருக்கிறாய். அதை மட்டும் நான்கைந்து முறை படித்தேன்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. நான் சோதித்த பிறகு யாரும் உபகரணத்தைத் தொடக் கூடாது, தொட்டால் மறுபடி சோதிக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே நான் மாணவர்களுக்குச் சொல்வது. அன்று உன் கை அவர் தோளுக்கு மேலே போனதைப் பார்த்தேன். காலையில்தான் அதை வியாதி என்று சொல்லியிருந்தேன். மறுபடி போய் நானும் தொட்டால் உனக்கு எப்படி இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு என் காலணியை மாட்டினேன். ரோஷம் உனக்கு மட்டும் சொந்தமில்லை.

கீழே அவர் காற்று கேட்டபோதும், முதுகுப் பக்கம் எட்டித் திருகைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் திறந்த திருகாயிற்றே என்று அதைச் சந்தேகிக்கவே இல்லை. நிற்க வேண்டிய இடங்களில் நின்று மேலே வந்த அந்த ஒன்பது நிமிடத்தில்தான் உன் கை ஞாபகம் வந்தது. அதனால்தான் ஏறியதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால் சுற்றுத்தான் திறந்திருந்தது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். முழுதாகத் திறந்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் அதிகாரி கேட்டபோது மனசு கேட்காமல் சொல்லப் போனேன். அவர் முஷ்டியைக் காட்டினார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். பத்தாம் தேதி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு. அவர் பயந்து மேலே வந்தார், நான் தடுக்கத் தவறினேன் என்று கோப்பு முடிந்துவிடும். நீ உண்மையைச் சொன்னால், தடயத்தைக் கலைத்தேன் என்று எப்படியும் என் உரிமம் போகும். கூடவே, வாழ்நாள் முழுவதும் தெருவில் உன்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் நினைப்பார்கள். மருந்துக் கடையில் உன் கையால் மாத்திரை வாங்க வேண்டியவர்கள். யோசி, அக்கா.

வாலு


மார்ச் 12

அன்புள்ள வாலு,

இந்த முறை அடிக்கவில்லை.

சொல்லிவிட்டேன். அறையில் ஐந்து பேர் இருந்தார்கள், ஒரு மின்விசிறி. படகுக்காரர் முதுகில் சிலிண்டரை மாட்டி, ஒரு நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, அவரை அதில் உட்காரவைத்துச் செய்து காட்டினேன். பின்னால் நிற்க இடமில்லாதபடி நானே நாற்காலியைச் சுவரோடு தள்ளினேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, தங்கை சோதித்த பிறகும் ஏன் தொட்டீர்கள் என்று கேட்டார். அக்கறையில் தொட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு. "யாரையும் நம்புற பழக்கம் எனக்கு இல்லைங்க," என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

உனக்கு ஒரு வருடம் உரிமம் கிடையாது. திருகைத் திறந்து வைத்ததற்கும், மறுபடி சோதிக்காததற்கும். போலீஸ் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லையாம். அதைக் கேட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். ஏதாவது கொடுத்திருந்தால் தேவலை.

நேற்றுக் கடை திறந்தேன். எதிர்வீட்டு அம்மா சீட்டைக் கொடுத்தார், மாத்திரையை வாங்கினார், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். நீ சொன்னதுதான். பார்க்கட்டும், நானும் அப்படிப் பார்த்தவள்தானே.

உன் அத்தான் அந்த வெள்ளை இடத்தை வரைந்துவிட்டார். விசாரணையிலிருந்து வந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பலகையை எடுத்தார். சின்னதாக ஒரு திருகு, அடைப்புப் பக்கம் திரும்பியபடி. கீழே ஒன்றும் எழுதவில்லை. வால் பகுதியில் இரண்டு அளவு சந்தேகமாக இருக்கிறது, உன்னைத்தான் கேட்கவேண்டும் என்கிறார். வலது கால் பெருவிரலில் ஏதோ ஊர்வதுபோல் இருக்கிறது என்று காலையில் சொன்னார். டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்குச் சொல்கிறேன்.

வீட்டில் எனக்குத்தான் கஷ்டம். அடுப்பு சிலிண்டரின் திருகை மூடினால் மூடினேனா, திறந்தேனா என்று சந்தேகம். குனிந்து பார்க்கிறேன், எழுந்து மறுபக்கம் போய்ப் பார்க்கிறேன், கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். நேற்றுச் சமையல் முடிந்து நான்கு முறை. "உன் கையை நம்பு," என்கிறார் அவர், கட்டிலில் படுத்துக்கொண்டே. அவர் சொல்லலாம்.

அந்த ஊறிப்போன கையோடு அங்கே எத்தனை நாள் இருப்பாய்? அறையைக் காலி செய்துகொண்டு வந்துவிடு. வந்து, நான் திருகிய பிறகு நீ ஒருமுறை தொட்டுப் பார். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் அக்கா